வட்டிக்கல்ல, முதலுக்கு

1955 மாசி 6
இவருக்கு வெள்ளைக்காரனின் டொக்யாட்டில் கப்பல் இஞ்சின் திருத்தும் வேலை, மாதம் நூற்றறுபது ரூபாய். என் தையல் கூலி நாற்பத்தைந்து. என் சீதன வீட்டை ஈடு வைத்துக் கனகரத்தினம் முதலாளியிடம் வாங்கியது மூவாயிரம். இன்று வகுத்துப் பார்த்தேன். சோறு தண்ணி இல்லாமல் இரண்டு பேரும் பதினைந்து மாதம் உழைத்துக் கொட்டினால்தான் வீடு மீளும்.

இவருடைய தங்கச்சிக்குச் சீதனம் கொடுக்க வைத்த ஈடு. மூன்று வருடமாக மாதம் முப்பது ரூபாய் வட்டி போகிறது. மூவாயிரம் மட்டும் அசையாமல் குந்தியிருக்கிறது!

"வட்டி ஒழுங்காப் போகுதுதானே, பிறகென்ன?" என்கிறார். பிறகென்னவாம்! ஈட்டு உறுதிப் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்தல்லவா? இனி மாதம் தொண்ணூறு கட்டப் போகிறேன் என்றேன்.

"பட்டினி கிடக்கிறதோ?"

"ஓம். மீன் கிழமைக்கு ஒருக்காக் காணும், போதும்."

1955 பங்குனி 3
முதலாளி முப்பதை எண்ணி எடுத்துவிட்டு மிச்ச அறுபதைத் தள்ளி வைத்தார். "வட்டி காணும் பிள்ளை. முதலை ஒரே தொகையாத் தாங்கோ. சில்லறை சில்லறையா வாங்கி நான் என்ன செய்ய?"

நல்ல பகிடி. எங்கள் மூலைவீட்டில் அவருக்கு எப்போதிருந்தோ கண், முதல் தீராவிட்டால் வீடு அவருக்குத்தானே. உறுதியை எடுத்து வரச் சொன்னேன். "எந்த நேரமும் பகுதி பகுதியாக் கட்டலாமெண்டு உறுதி முடிச்ச நொத்தாரிசு எழுதியிருக்கிறார், வாசியுங்கோ. அறுபதும் முதலுக்கு வரவெண்டு பின்பக்கத்தில எழுதி ஒப்பம் வையுங்கோ."

"உன்ர புருசன் சோமசேகரம் வாயே திறவாத மனிசன். நீ எங்கால வந்தனி?" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். திரும்பி வரும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

1955 ஆவணி 14
கிண்ணியாப் புடைவை வியாபாரி ஜவாஹிர் நானாவுக்கு முன்னறையை மாதம் பதினைந்துக்கு விட்டேன். அறை முழுக்கத் துணிக்கட்டு. இவர் பக்கவாட்டில் நடந்து வந்து, "என்ர வீட்டில நானே விருந்தாளி" என்றார்.

"உங்கட வீடில்லை, என்ர வீடு" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சோறு தொடாமல் படுத்துவிட்டார், பாவம் மனிசன். என் வாயை என்ன செய்வது?

1956 தை 15
பொங்கலுக்குப் புதுச்சீலை இல்லை. கடன் இரண்டாயிரத்து முந்நூறுக்கு இறங்கிவிட்டது. அறை வாடகையும் சேர்த்து வகுத்தால் பத்தரை மாதச் சம்பாத்தியம். பழைய சீலையே இன்றைக்கு எனக்கு வடிவாக இருந்தது.

1957 ஆனி 11
ஐப்பசியோடு வெள்ளைக்காரன் டொக்யாட்டை விட்டுப் போகிறானாம். "கப்பல்தான் போகும். எங்களை வேலையால நிப்பாட்ட மாட்டாங்கள்" என்கிறார் இவர். எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பளம் வரும்போதே கட்டிவிட வேண்டும்.

1957 ஐப்பசி 3
மாதாமாதம் கட்டி வந்த சீட்டை எடுத்தேன். இருநூறு. அப்படியே கொண்டுபோய் முதலுக்குக் கட்டினேன். இனி மிச்சம் ஐந்நூறு மட்டும்.

1957 ஐப்பசி 20
இவரை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தச் சீட்டுக்காசையாவது வைச்சிருக்கக் கூடாதோ? எல்லாத்தையும் அந்தாளின்ர பெட்டியில கொண்டுபோய்க் கொட்டிப்போட்டாய்!" கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் இன்றுதான் இவர் என்மேல் சத்தம் போட்டார். நான் கணக்குக் கொப்பியை விரித்தேன்.

ஐந்நூறு, எத்தனை மாதச் சம்பாத்தியம்? சம்பளமே இல்லையே, எதால் வகுக்கிறது? தையலும் படுத்துவிட்டது, பாதி கப்பல்காரர் உடுப்புத்தானே. ஜவாஹிர் நானாவின் பதினைந்தில் அரிசி வாங்குகிறோம். வீட்டை மீட்கப் போய் வயிற்றை மறந்தேனோ? ஐயோ, பயமாக இருக்கிறது. இந்தக் கணக்குத் தொடங்கிய பிறகு இப்படிப் பயந்ததில்லை.

1957 கார்த்திகை 12
வேலை நின்றதற்கு எழுநூறு ரூபாய் கொடுத்தார்கள். காசு வந்த கதை எப்படித்தான் காதில் விழுந்ததோ, கனகரத்தினம் முதலாளி தானாகவே வந்து கதிரையில் அமர்ந்தார்.

"காசைக் கையில வைச்சுத் தொழில் ஒண்டைப் பாருங்கோ தம்பி. ஐந்நூறு கிடக்கட்டும். மாசம் அஞ்சு ரூபா வட்டிதானே."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சாமான் வாங்கி இஞ்சின் திருத்தும் கடை போட இவருக்குக் கொள்ளை ஆசை. நான் குசினி வாசலில் நின்றேன். கட்டித் தீர்ப்போம் என்று இந்த முறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இவர் என்னை ஒருக்காப் பார்த்தார். பிறகு அவரிடம், "ஏலாது ஐயா. நாளைக்கு நொத்தாரிசிட்ட வாங்கோ. முழுக்கத் தாறம்" என்றார்.

குசினிக்குள் போய் ஓவென்று அழுதேன். வெங்காயம் உரித்ததாகச் சொன்னேன். வீட்டில் வெங்காயமே இல்லை.

1957 கார்த்திகை 13
ஈடு தீர்ந்தது. உறுதி என் அலுமாரிக்குள்.

1957 மார்கழி 8
மிச்ச இருநூறுக்கு நட்டுக் கழற்றும் சாவி, குறடு, பழைய கடைசல் இயந்திரம் ஒன்று. முற்றத்தில் கொட்டில் போட்டிருக்கிறார். முதல் கிழமை வரவு பதினொரு ரூபாய். அதில் ஒருவருக்கும் பங்கில்லை.

1958 மாசி 20
கனகரத்தினம் முதலாளியின் லோஞ்சுப் படகு நடுக்குடாவில் நின்றுவிட்டதாம். இஞ்சினைக் கழற்றி எங்கள் கொட்டிலுக்குத்தான் கொண்டு வந்தார்கள். மூன்று நாள் வேலை. இன்று ஓடப்பண்ணிக் கொடுத்தார் இவர். கூலி அறுபத்தைந்து.

"மாசக் கடைசியில தாறன் தம்பி, உங்களுக்கு நம்பிக்கை இல்லையே?" என்றார் முதலாளி. இவர் தலையைச் சொறிந்தார். சரியென்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நம்பிக்கை இருக்கு ஐயா. ஆனா கடன் கிடந்தா வளரும். உங்களுக்குத் தெரியாததே?"

சிரித்துவிட்டார் மனிசன். மடியை அவிழ்த்து அறுபத்தைந்தையும் எண்ணி வைத்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், சீனி கொஞ்சம் கூடுதலாகவே போட்டு.