மேட்டு லயத்தில் வெள்ளையடிப்பு

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கந்தப்பளை வீதி அகலிப்பு. மண் வெட்டும் பெக்கோ இரண்டு, ஒன்று பழுது. பஸ் ஒதுங்க இடம் வெட்டியாயிற்று. இனி சைக்கிள் பாதைக்கு மேட்டில் இன்னும் நான்கடி வெட்ட வேண்டும். இந்த ஏற்றத்தில் யார் மிதிக்கப் போகிறார்கள்? எல்லாரும் இறங்கித் தள்ளுகிறவர்கள்தான். லொறி உரசாமல் தள்ளலாம், அதுவரைக்கும் நல்லது.

மேட்டுக்கு மேலே அக்காவின் லயம். வரிசையாகப் பத்துக் காம்பரா, பத்து வீடு. அவள் வீட்டுப் பின்சுவரில் வெடிப்பு. இரு பக்கமும் பென்சில் கோடு போட்டு, தேதியும் எழுதிவிட்டு வந்தேன்.

வாங்க வேண்டியது: பேனை, பெற்றரி, அக்காவுக்குப் பண்டிகைச் சுண்ணாம்பு இரண்டு பை, பிரஷ்.

ஒக். 15, புதன்

சுண்ணாம்பு கொடுத்தேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

கோடு விலகியிருக்கிறது. சுண்டுவிரல் நுழைகிறது. மேடே நகர்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் இஞ்சினியர் சேரிடம் சிங்களத்தில் சொன்னேன். சனிக்கிழமை வருவாராம். வெடிப்பைக் கண்ணால் பார்த்தால் வேலையை நிறுத்தி, லயத்து ஆட்களை ஸ்கூலில் தங்க வைக்கலாம் என்றார். நல்ல மனிதர். நேரம்தான் இல்லை.

ஒக். 16, வியாழன்

மழை. மேட்டின் கசிவு வடியும் மேட்டடிக் கானில் எப்போதும் தெளிந்த தண்ணீர். இன்று சேறு.

பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னலால் எட்டி, "தம்பி, தீவாளிக்குள்ள முடிச்சிருங்க. கொழும்புப் புள்ளைங்க எல்லாம் வருதுங்க." அக்காவின் மகளும் வருகிறாள், கைக்குழந்தையோடு.

ஒக். 17, வெள்ளி

காய்ச்சல். அறையிலேயே. பனடோல் இரண்டு. கஞ்சி.

ஒக். 18, சனி

சேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். லயம் முழுக்க வெள்ளை. பின்சுவரும்தான். வெடிப்பில் களிமண் அடைத்து, மெழுகி, இரண்டு பூச்சு. என் கோடும் இல்லை, தேதியும் இல்லை. ஒரு வீட்டைப் பார்த்து மறு வீடு, பத்துக் காம்பராவும் அப்படி.

"எங்க, மல்லி, வெடிப்பு?" என்றார் சேர், தம்பி என்பதைச் சிங்களத்தில்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். "அதெல்லாம் அடைச்சாச்சுன்னு சேர்கிட்ட சொல்லுடா. நாளும் கெழமையுமா வெடிச்ச சுவரோட இருப்பாங்களா?"

சொன்னேன். அவர் சிரித்தார். சுரண்டிக் காட்டப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், இன்னும் காயலடா!"

பண்டிகை முடியட்டும், பார்ப்போம் என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் சுரண்டியிருக்க வேண்டும். அவள் அழுதாலும் சுரண்டியிருக்க வேண்டும்.

பின்னேரம் நான்கடியும் வெட்டி முடிந்தது.

ஒக். 19, ஞாயிறு, காலை 6.40

மழை விடவில்லை. நாளைக்குத் தீபாவளி.

சைட் காவல்காரர் எனக்குப் போன் எடுத்தார். "கான்ல தண்ணி நின்னுருச்சுங்க. இவ்வளவு மழைக்கும் சொட்டு இல்ல." அவருக்கு அது நல்ல செய்தி. அந்தத் தண்ணீர் இப்போது மேட்டுக்குள்ளே நிற்கிறது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். மகள் வந்துவிட்டாளாம், குழந்தை தூங்குகிறதாம். எல்லாரையும் எழுப்பி வெளியே வரச் சொன்னேன். கத்தினேன்.

"எண்ண காயுதுடா, இந்த முறுக்க எடுத்துட்டு வாரேன். ஆமா, நீ வாங்குன சுண்ணாம்பு சரியில்ல. பின்சுவத்துல அது திரும்பத் தொறந்துருச்சு. இப்ப கையே போகுது."

ஓட்டோவுக்கு நிற்கிறேன். மறுபடி அவளுக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்கிறது. அவள் எடுக்கவில்லை.

ஓட்டோ வந்துவிட்டது.