வலது கைக்கு மட்டும் இரண்டு வரி

நேற்று பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வரும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் கைப்பேசியில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கறுப்புக் கட்டைகள் இறங்கிவர, ஒன்றையும் விடாமல் விரலால் தட்டினால் பியானோவில் பாட்டு ஓடுமே, அதுதான். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வீடு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது.

உன் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் வாரம் இருமுறை தர்மபுரிக்கு டயாலிசிஸுக்குப் போனோம். உன் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை. பள்ளியிலிருந்தே உன்னோடு திரிந்தவள் என்பதால் துணைக்கு நான். ஊசி ஏறிய இடது கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. கைப்பேசியைத் தொடைமேல் வைத்து வலது கையால் ஆடுவாய்.

"பாருடி, ஒரு கட்டகூட வுடல. உன்னவிட நான்தான் பெரிய ஆளு."

பதினோரு வருடமாக நம் சர்ச்சில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கிற எனக்கு அது சுருக்கென்றது. "இது வாசிப்பு இல்லடி. வர்றதத் தட்டுற, அவ்ளோதான்" என்றேன். நீ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாய். இரண்டு வாரம் அதை எடுக்கவே இல்லை. குழாயில் உன் ரத்தம் போவதையும் வருவதையும் பார்த்தபடி கிடந்தாய். களைப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "எங்க உன் பொட்டி? தொற" என்றாய். கீபோர்டில் உன் விரல்களுக்கு நல்ல வேகம், தாளமும் பிசகவில்லை. ஆனால் நான் காட்டிக்கொடுத்ததைத் தாண்டியதும் கை அந்தரத்தில் நின்றது.

"அடுத்து எதுன்னு இது சொல்லவே மாட்டேங்குதே."

நான் சிரித்தேன். ஜெயித்தவளின் சிரிப்பு. உன்னை ஜெயித்து என்ன கண்டேன்!

நீ கோபப்படவில்லை. ஒரே கட்டையை மெல்ல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அழுத்திக் கேட்டாய். "போன்ல எப்பிடித் தட்டுனாலும் ஒரே சத்தம். இது, நான் சோந்துபோனா கூடவே சோந்துபோவுது. நீ சொன்னது நெசந்தான், ரெண்டும் ஒண்ணில்ல" என்றாய். கையை எடுத்துக்கொண்டு, "ஆனா அங்க படுத்துக்கெடக்கறப்ப எனக்கு இது வேணாம்டி. அடுத்து என்னான்னு யாராச்சும் சொல்லிக்கிட்டே இருக்கணும். அத அந்தப் போனுதான் சொல்லுச்சு."

அடுத்த முறை தர்மபுரியில் நானே கைப்பேசியை எடுத்து உன் கையில் கொடுத்தேன். ஆடினாய். எத்தனை புள்ளி எடுத்தாய் என்று எனக்குக் காட்டவில்லை.

சனிக்கிழமைதோறும் பாடம். சர்ச்சில் பாடும் ஒரே ஒரு பாட்டு, வலது கைக்கு மட்டும். வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போது வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் உன் ஆசை. நானோ எனக்குச் சொல்லித்தந்த முறையிலேயே, கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் போக வேண்டும், சரிகம போல ஏறி இறங்கும் ஸ்கேல் சுத்தமாக வர வேண்டும் என்று மூன்று சனிக்கிழமைகளைத் தின்றேன்.

"எனக்கு நெறைய நாள் இருக்கற மாதிரியே சொல்லிக் குடுக்கறடி."

இருவரும்தான் சிரித்தோம். நான்காம் சனிக்கிழமை பாட்டைத் தொட்டோம். இரண்டு வரி வந்தது. அடுத்த வியாழன், நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் பென்னாகரம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டாய்.

அடக்கமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர் உன் கைப்பேசியோடு வந்தார். "இதுல அவ குரலு ஏதாச்சும் இருக்குதாங்களா? பாத்துச் சொல்லுங்க."

தேடினேன். நீ விளையாட்டில் எடுத்த புள்ளிகள்தான் வரிசையாக இருந்தன. என் கீபோர்டில் பதிவுப் பொத்தான் இருக்கிறது. நான்கு சனிக்கிழமையும் அதை அழுத்த எனக்குத் தோன்றவில்லை.

அவரை உட்காரவைத்து, நீ வாசித்த மாதிரியே வாசித்துக் காட்டினேன். முதல் வரி நடுவில் நீ அடுத்த கட்டையைத் தேடும் இடத்தில் நானும் நின்றேன். இரண்டாம் வரியில் நீ தப்பாகத் தொட்டுத் திருத்தும் கட்டையைத் தப்பாகத் தொட்டுத் திருத்தினேன்.

"அவ்ளோதாங்களா?" என்றார்.

"அவ்ளோதாங்க."

இப்போது அந்த இரண்டு வரி எனக்கே சரியாக வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் பாட்டு வந்தால், நீ நின்ற இடத்தில் என் கையும் நின்றுவிடுகிறது. பாடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.