கோலாலம்பூர் வரைக்கும் கேட்ட இருமல்

ரூஹி அத்தாவுக்கு, சலாம்.

கோலாலம்பூர்ல வெயில் எப்டி கீது? நம்ம ராயபுரம் மாதிரியேதான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு ஃப்ளைட்டுன்னு போனீங்க. ஒரு மணிக்கே எறங்கிட்டேன்னு போன் பண்ணீங்க. ரூஹி பள்ளிக்கூடத்துல கேட்டுகினு வந்தா. ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டராம், நாலு மணி நேரம் ஆவுமாம். உங்களாண்ட கேட்டா, பின்னாடிலேர்ந்து காத்து தள்ளிகினு வந்துச்சின்னீங்க. சரின்னு வுட்டேன்.

நேத்து நாங்க நோன்பு தொறக்குற நேரத்துக்குப் போன் பண்ணி, "நானும் இப்பத்தான் தொறக்கப் போறேன்"னீங்க. அங்க கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதாமே, எல்லாரும் எப்பவோ தொறந்திருப்பாங்களே? அதக்கூட வுட்டுடறேன். நம்ம மோதினார் மதார் சாகிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி மைக்குல ரெண்டு தபா இருமுவாரே, அந்த இருமல் ஒரு காதுல ஜன்னல் வழியா கேட்டுச்சி, இன்னொரு காதுல போன் வழியா கேட்டுச்சி.

பூட்டியே கெடந்த உங்க தோஸ்து தவ்ஃபீக் வூட்டு மாடில இப்ப உங்க பச்சக் கைலி காயுது. அங்க வேல வாங்கித் தர்றேன்னு துட்டு வாங்கின ஏஜென்ட் ஏமாத்திட்டானா, இல்ல வேற இன்னாவாச்சுமா? மாடியேறி வந்து பாக்கப் பயமா கீது.

இந்தக் கடுதாசியோட தூக்குல நோன்புக் கஞ்சி வெச்சிருக்கேன். ஒரு ஆளுக்குத்தான் ஊத்தினேன். அங்க எவளாச்சும் இருந்தா, அந்தத் தூக்கை நீங்களே வெச்சிக்கங்க. வெறும் வெக்கம்தான்னா, அதக் கழுவி எடுத்துகினு வூட்டுக்கு வந்துடுங்க.

நடந்தா நாலு நிமிஷம். காத்து தள்ள வாணாம்.

இப்படிக்கு,
ரூஹியோட அம்மா