நீ சொல்ல வேண்டிய பாதி

ரிசப்ஷனில் உட்கார்ந்து ஈரத் துண்டுகளில் லெமன்கிராஸ் எண்ணெய் தெளித்து மடித்துக்கொண்டிருந்தேன். அந்தமான் மழைக்காலத்தில் இந்த ஹேவ்லாக் தீவில் எதுவும் காயாது, உனக்குத் தெரியாததா? நாறுகிற துண்டை வாசனைத் துண்டாக்குவது நீ இந்த ரிசார்ட்டுக்குக் கொண்டுவந்த வித்தை. அந்த வாசனை மூக்கில் ஏறிய நேரத்தில் படகுத்துறையிலிருந்து போன் வந்தது. "மௌசம் கராப் ஹை, தீதி. மதிய போட் கேன்சல்." வானிலை சரியில்லையாம். போனை வைத்துவிட்டு வழக்கம்போல இடது பக்கம் திரும்பினேன். உன் நாற்காலியில் ஒரு கட்டுத் துண்டு உட்கார்ந்திருந்தது.

எதிரே சோபாவில் பெட்டிகளோடு ஒரு குடும்பம். நாளை மதியம் போர்ட் பிளேரில் அவர்களுக்கு விமானம். யாராவது போய்ச் சொல்லித்தானே ஆக வேண்டும்? எழுந்து போனேன். "சாரி சார், நோ போட் டுடே" என்றேன். அத்தோடு நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக அந்த இடத்தில்தான் நான் நிற்பேன், மீதியைச் சொல்ல நீ இருப்பாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு டெல்லிக்காரரிடம், "சீ இஸ் வெரி நைஸ் சார், பட் நோ கரண்ட்" என்றேன். மனிதர் போட்ட கூச்சலில் சமையல்கட்டே வெளியே வந்துவிட்டது. நீ அடுத்த அறைக்குப் போனாய். "நோ கரண்ட் மேடம், பட் சீ இஸ் வெரி நைஸ்" என்றாய். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நாற்காலியை வெராண்டாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு அறைக்கும் அதே கடல்தான், இரண்டிலும் மின்விசிறி ஓடவில்லை.

"மனுஷங்க காதுல கடைசியா விழுந்ததுதான் ஒட்டும் புள்ள. அதுக்கு முன்னாடி சொன்னதையெல்லாம் அந்தப் 'பட்' வந்து ஓரமாத் தள்ளி விட்டுரும்" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரு தீர்ப்பும் சொன்னாய். "உனக்கு எழவு சொல்ல வந்தவ மூஞ்சி. நீ முதப் பாதியச் சொல்லு. மீதிய நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் ஒரு வாக்கியத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ரூம் இஸ் ஸ்மால் என்பேன். பட் வெரி கூல் என்பாய். இறால் இல்லை என்பேன், ஆனால் மீன் இப்போதுதான் வந்தது என்பாய். நெட் இல்லை என்பேன், அப்படியென்றால் இன்றைக்கு ஆபீசிலிருந்து யாரும் கூப்பிட முடியாதே என்று கண்ணைச் சிமிட்டுவாய். கரண்ட், தண்ணீர், போட் என்று இந்தத் தீவில் இல்லாததையெல்லாம் நான் சொல்லித் தீர்த்தேன். இருப்பதைச் சொன்னவள் நீ. நல்ல பேரெல்லாம் உனக்கு, வசவெல்லாம் எனக்கு. அதற்காக உன்னிடம் சண்டை போட்டும் இருக்கிறேன்.

மேனேஜர் சுவரில் ஒட்டும் நோட்டீஸ்களைப் பார்த்தாலே உனக்குச் சிரிப்பு. அவர் 'பட்' என்று எழுதவே மாட்டார், 'ஹவெவர்' என்பார். "டை கட்டுன பட் வந்துருச்சு, சலோ, ஓடு" என்பாய். 'ஆல்தோ' உனக்குப் பிடிக்காது. அது வாக்கியத்தின் தலையிலேயே வந்து, பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். ரகசியம் தங்காத வாய் என்று அதற்குப் பேர் வைத்திருந்தாய்.

உன் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் மரம் கீறியவர்கள். அந்தக் கதையை நீ ஒரே வரியில் முடிப்பாய். "ஊரு போச்சு, ஆனா வேலை இருக்குன்னு கூட்டிட்டு வந்தாங்க. 'ஆனா'வுக்குப் பின்னாடி உள்ளத நம்பித்தான் அவங்க கப்பல்ல ஏறுனாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பாய். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் குடித்துக் குடித்து, கடைசியில் முகம் மஞ்சளாகிப் போன பிறகுதான் என்னோடு போர்ட் பிளேருக்கு வந்தாய். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இட் ஹேஸ் ஸ்ப்ரெட், பட் யு ஆர் ஸ்டேபிள்" என்றார். குரல் அவ்வளவு மிருதுவாக இருந்தது. நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். வெளியே வந்ததும், "ஸ்டேபிள்னு சொல்லிட்டாருல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாய். ஆமாம் ஆமாம் என்றேன். அபர்தீன் பஜாரில் பிரியாணி வாங்கித் தந்தாய். பாதியை நீ சாப்பிடவில்லை, மகிழ்ச்சியில் பசிக்கவில்லை என்றாய். நானும் நம்பினேன்.

திரும்பி வரும் போட்டில் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ என்னவோ பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாய். கடலைப் பார்த்தபடி சொன்னாய்:

"புள்ள, அந்த டாக்டரு நம்மகிட்ட ரிசப்ஷன் பண்ணிட்டாரு."

ஊருக்கெல்லாம் அதே வாக்கியத்தை விற்றுப் பிழைத்தவர்கள் நாம். இத்தனை வருஷம் விருந்தாளிகளுக்கு ஊட்டியதை நமக்கே ஒருவர் ஊட்டியபோது, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு பிரியாணியும் தின்றுவிட்டு வருகிறோம். ஹேவ்லாக்கில் இறங்கினோம். நீ ரிசார்ட்டுக்கு வரமாட்டேன் என்றாய். படகுத்துறையிலேயே காத்திருந்து அடுத்த போட்டில் போர்ட் பிளேருக்கே திரும்பினோம்.

அன்று மறுபடி டாக்டரைப் பிடித்ததே பெரும்பாடு. நீ இங்கிலீஷை விட்டுவிட்டாய். "சாப், பட் கே பெஹ்லே வாலா ஃபிர் ஸே போலியே" என்றாய். 'பட்'டுக்கு முன்னால் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்ட நோயாளியை அவர் பார்த்திருக்க மாட்டார். நாற்காலியை இழுத்து உன் அருகில் போட்டுக்கொண்டு, ஹிந்தியில், பொறுமையாகச் சொன்னார். கணையத்தில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனாலும் அங்கேயும் இதையேதான் சொல்வார்கள். வலிக்கு மருந்து தருகிறேன். இந்த முறை அவர் வாக்கியங்களில் திருப்பம் எதுவும் வரவில்லை. நீ அவருக்குக் கும்பிடு போட்டாய். அந்தக் கும்பிடுக்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது தெரிந்தும் ஆறவில்லை.

கடைசியில் போர்ட் பிளேர் ஷாதிபூரில் உன் அண்ணன் வீட்டில் கிடந்தாய். லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்தேன். உன் கை விறகுக்குச்சி மாதிரி ஆகியிருந்தது, குரல் மட்டும் மாறவில்லை. ஒரு மத்தியானம் அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நீ என்னைக் கூப்பிட்டு, ரிசப்ஷன் குரலில், சுத்தமாகச் சொன்னாய்:

"ஐ ஆம் கோயிங், மேடம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். அது என் பாதி. என் பாதியை நீ சொல்லிவிட்டாய், உன் பாதியை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாய். உன் கண்ணில் அந்தப் பழைய குறும்பு இருந்தது. கொஞ்சம் ஆசையும் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். தேடினேன். கடல் நன்றாக இருக்கிறது என்று சொல்லவா? வலி இல்லை என்று சொல்லவா, இருக்கிறதே! எதற்கும் ஒரு 'பட்' கண்டுபிடிக்கிறவள் நீதானே, எனக்கு அது எங்கே வரும்?

"விடு புள்ள, உனக்கு வராது" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகும் சில நாட்கள் பேசினாய், கஞ்சி சூடாக இருக்கிறது, ஜன்னலைச் சாத்து என்று. இந்த விளையாட்டை மறுபடி எடுக்கவில்லை. நீ போன அன்று, சிப்பிகாட்டில் இருக்கும் உன் சித்தி தோட்டத்துச் செம்பருத்திகளை ஒரு கூடை கொண்டுவந்து உன்மேல் போட்டாள்.

இன்று அந்தக் குடும்பத்தின் முன்னால் நான் நின்றேன். "நோ போட், ஸோ?" என்றார் கணவர். பெட்டிமேல் சாய்ந்திருந்த மனைவியும் நிமிர்ந்து பார்த்தார். "பட் டுமாரோ தி சீ வில் பி குட், சார்" என்றேன். உன் வாக்கியம், உன் இழுவையோடுதான் வந்தது. அவர்கள் முகம் இளகியது. டீ கேட்டார்கள். வாசனைத் துண்டை வாங்கி முகம் துடைத்துக்கொண்டார்கள்.

நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனாலும் சொல்லும்போது நீ அதை நம்பினாய். நான் நம்பவில்லை. உன் பாதியைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பழைய விருந்தாளிகள் சிலர் இன்னும் உன்னைக் கேட்கிறார்கள். அந்தச் சிரித்த முகத்து அம்மா எங்கே என்று. "ஷி இஸ் டெட்" என்கிறேன். அவர்கள் போகாமல் நிற்கிறார்கள். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் முகத்தையே பார்க்கிறார்கள்.