பெயர் ஓடும்போது எழுந்து போனவள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடிப்படி ஏறும்போது வீட்டைக் கட்டினவனைத் திட்டுகிறார், இறங்கும்போது நல்ல மனுஷனாகிவிடுகிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. இப்படிக் குழாய்க்கதை எல்லாம் எழுதி நான் எதைத் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குத் தெரியும். நீ என்னோடு பேசி நாளாகிறது. அப்பாவோடு பேசுகிறாய், அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்கிறாய், இந்தா நீயே பேசு என்று அவர் போனை என்னிடம் நீட்டினால் உனக்கு உடனே வேலை வந்துவிடுகிறது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை கண்ணா. நான் பேசின பேச்சுக்கு நீ அவ்வளவாவது செய்யாவிட்டால்தான் ஆச்சரியம். போனில் நீ நிற்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இருந்தாலும் எடுத்த எடுப்பில் சொல்ல வரவில்லை, முதலில் பார்த்த படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லீவு நாள் தவறாமல் நானும் அப்பாவும் தியேட்டருக்குப் போகிறோம், அவர் தூங்குவதற்கு, நான் பார்ப்பதற்கு. ஒரு பேய்ப் படம் வந்தது. அந்தப் பேய் கிணற்றில் விழுந்து செத்தவளாம், ஆனால் அவள் உடுத்தியிருந்த வெள்ளைத் துணியில் மருந்துக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லை, கிணற்றுக்குள் அவளுக்கு யாரடா இஸ்திரி போட்டுக் கொடுத்தது? பக்கத்தில் எல்லாரும் அலறுகிறார்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் ஒரு போலீஸ் படம், கதாநாயகன் சேற்றில் புரண்டு, லாரிக்கு அடியில் உருண்டு, ஐம்பது பேரை அடித்துப்போட்டுவிட்டு எழுந்தால் சட்டைக் காலர் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக நிற்கிறது. காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா. ஒரு காதல் படம், அதில் இரண்டு பேரும் முதல் ரீலிலிருந்தே அழுகிறார்கள், நாம் அழுவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எறும்புகள் பேசுகிற ஒரு பொம்மைப் படம், சின்னப் பிள்ளைகளுக்கானது என்றார்கள், நான்தான் அதிகம் ரசித்தேன். வான்வெளியில் ஒருத்தி தனியாக மாட்டிக்கொள்கிற படம் மட்டும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, ஆனால் ஏனோ அழுதுவிட்டேன், பூமியிலிருந்து அவள் அம்மா பேசுகிற குரல் அவளுக்குப் போய்ச்சேர நேரமாகிறது, பாவம்.

இதெல்லாம் என் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். மறுநாள் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் எல்லாரும் அக்கா நேத்து படம் எப்படி என்பார்கள். ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் விட்டுத் தேய்க்கிறவர்கள், துவைக்கும் இயந்திரத்துக்காரர்கள், வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், எங்கள் மேற்பார்வையாளர் பெரியக்கா, எல்லாருக்கும் நான் சொன்னால் சொன்னதுதான். நல்லா இருக்கு என்றால் போவார்கள், மட்டம் என்றால் வீட்டில் இருப்பார்கள். அதில் எனக்கு ஒரு தலைக்கனம் ஏறிவிட்டது. நான் நடித்தே காட்டுவேன். அந்த மேசையில் எனக்குக் கிடைத்த மரியாதை சட்டை தேய்க்கிற மேசையில் கிடைத்ததில்லை, அதனால் வாயைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நீ போன் செய்து, அம்மா இந்த வாரம் ஒரு படம் வருது, சின்னப் படம், அவசியம் பாரு, கடைசி வரைக்கும் பாரு என்று சொன்னாய். நீ சினிமாக் கம்பெனியில் மைக் சம்பந்தமான வேலை என்றுதான் எனக்குத் தெரியும், கெட்டுப்போனதைச் சரிசெய்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் உன் கை இருக்கிறது என்று நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. போனேன். தொழிலாளி ஒருவன் வேலை செய்கிற இடத்தில் செத்துப்போகிறான், சேதி வந்ததும் அவன் பெண்சாதி அழவில்லை, அவனுடைய சட்டைகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்து மடிக்கிறாள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, மேளதாளம் இல்லை, தேய்க்கிறாள், தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நாள் பூராவும் நான் செய்கிற வேலையை லீவு நாளில் டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டுமா? படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்ததும் வழக்கம்போல அப்பாவை உலுக்கி எழுப்பி, கூட்டம் வருவதற்குள் வண்டியை எடுக்கலாம் வாங்க என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கூட்டமே இல்லை, பழக்கதோஷம். கல்யாணமான நாளிலிருந்து நான் எந்தப் படத்திலும் அந்த எழுத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவவில்லை, உன் போன். பாத்தியாம்மா, கடைசி வரைக்கும் பாத்தியா என்று கேட்டாய். உன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பார்த்தேன் என்றேன். அது பொய். அந்தச் சட்டை தேய்க்கிற இடம் எப்படி இருந்துச்சு என்று தனியாகக் கேட்டாய். அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் கையால் எழுதுகிறேன், எனக்கு அது வேண்டும். படமாடா அது, இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு, அந்தச் சத்தத்தைப் போட்டவன் பிறந்ததிலிருந்து ஒரு சட்டை தேய்ச்சிருக்க மாட்டான், தகரத்தைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான் என்றேன். சரிம்மா, வேலை இருக்கு என்று வைத்துவிட்டாய். நான் அப்பாவிடம் பையன் களைப்பாக இருக்கிறான் போல என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நிம்மதியாக!

மறுநாள் மேசையில் அதையே நடித்தும் காட்டினேன். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து டொக் டொக் என்று தட்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இல்லாத சட்டையைத் தேய்த்தேன். பெரியக்காவுக்குப் புரையேறிவிட்டது. எல்லாரும் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் ஆடினேன். போகலாம் என்று இருந்தவர்கள்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சுருட்டை மட்டும் போனாள். சுருட்டை தெரியுமில்லையா, என் பக்கத்து மேசைக்காரி, தலைமுடி சுருள்சுருளாக இருக்கும், நீ வந்திருந்தபோது வீட்டுக்கு வந்து உன்னோடு பேசிக்கொண்டிருந்தாளே, அவள்தான். படம் முடிந்து எழுந்திருக்கும்போது அவளுடைய செருப்பு ஒன்று முன் வரிசைக்கு அடியில் போய்விட்டதாம், குனிந்து தேடி எடுத்து நிமிர்ந்தால் திரையில் உன் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, ஒலி வடிவமைப்பு என்று போட்டு. காலையில் வந்து என் காதோடு சொன்னாள், அக்கா, அது நம்ம தம்பி பண்ணின படம் என்று. என் கையில் இருந்த இஸ்திரிப்பெட்டியை ஒரு டாக்டரின் கோட்டு மேலேயே வைத்துவிட்டேன், புகை வந்த பிறகுதான் எடுத்தேன்.

அதற்குமேல் நான் செய்ததுதான் சொல்லவே கூசுகிறது. ஓடிப்போய் எல்லாரிடமும் அது என் பிள்ளை படம், நான் பேசினது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாதே, காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும் என்று கெஞ்சினேன். என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்ற பயம். உனக்காக ஊரெல்லாம் பெருமையடிக்க வேண்டியவள், நீ பெயர் எடுத்த அன்றைக்கு உன் பெயரையே ஒளித்துவைத்தேன். நீ செய்தது வெட்கக்கேடு என்கிற மாதிரி. பெற்றவள் செய்கிற காரியமா இது?

மறுபடியும் அந்தப் படத்துக்குப் போனேன். எங்கே என்று சொல்லாமல்தான் அப்பாவையும் கூட்டிப்போனேன், வீட்டில் தூங்குவதை அங்கே தூங்கட்டும் என்று. கொட்டகையில் ஆள் இல்லை. படத்தின் பேர் போடுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். அந்த இடம் வந்தது, அவள் சட்டையை விரித்தாள், தண்ணீர் தெளித்தாள், பெட்டியை நிமிர்த்தி வைத்து டொக் டொக் என்று தட்டினாள். பக்கத்தில் அப்பா, கண்ணைத் திறக்காமல், போதும் விடும்மா, மிச்சத்தை நாளைக்குத் தேய்ச்சுக்கலாம் என்றார். வீட்டில் சொல்கிற அதே மாதிரி, அதே அலுப்போடு. சொல்லிவிட்டு நாற்காலியில் மறுபக்கம் சாய்ந்துகொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சலவைக்கூடத்துப் பழைய பெட்டியில் சூட்டுத் திருகு மாட்டிக்கொள்ளும், இரண்டு தட்டு தட்டினால்தான் இறங்கும், அந்தப் பழக்கத்தில் வீட்டுப் பெட்டியையும் தட்டுவேன், அது உனக்குத் தெரியும். சட்டைக் கை முடிந்ததும் ஊப் என்று ஒரு மூச்சு விடுவேனாம், அது எனக்கே தெரியாது, அங்கே கேட்டேன். நீ போன தடவை வந்திருந்தபோது ஜன்னலில் நாய்க்குட்டி மாதிரி ரோமம் போர்த்தின மைக் ஒன்றை வைத்தாய், பஞ்சு ஒட்டும் எடுடா என்று திட்டினேனே, ஒண்ணுமில்லம்மா நீ உன் வேலையைப் பாரு என்றாயே, இதற்குத்தானா கண்ணா? உன்னைத் தேடி நான் படத்துக்குப் போனேன், அங்கே நான் இருந்தேன். தூக்கத்தில் இருக்கிற மனுஷனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சட்டை தேய்க்கத் தெரியாதவன் என்று நான் திட்டினது உன்னைக்கூட இல்லை, என்னையே.

படம் முடிந்தது, இந்தத் தடவை உட்கார்ந்தே இருந்தேன். எழுத்து இரண்டு வரி ஓடியிருக்கும், விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேலே மெஷின் அறைக்கே ஏறிப்போய் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டேன், என் பிள்ளை பெயர் வருகிற நேரத்தில் எப்படி நிறுத்தலாம் என்று. அவன் சண்டைக்கு வரவில்லை. நான் என்னம்மா பண்றது, எழுத்து வந்தாலே எல்லாரும் எழுந்து போயிடறாங்க, நீங்ககூட வாராவாரம் ஐயாவை இழுத்துக்கிட்டு முதல் ஆளாப் போவீங்களே, நான் யாருக்காகப் போடறது என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தானோ, போய் உக்காருங்க, போடறேன் என்றான். விளக்கு போட்டதில் அப்பாவும் விழித்திருந்தார், காலி நாற்காலிகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர். பொடிப்பொடியாக எத்தனை பெயர்கள் கண்ணா, விளக்குப் பிடித்தவர், வண்டி ஓட்டினவர், சாப்பாடு கொடுத்தவர், அப்புறம் நீ. உன் பெயர் வந்ததும் அப்பா அந்த முழங்காலோடு எழுந்து நின்றுவிட்டார். எதுக்கு நிக்கறீங்க என்றேன், தெரியலை என்றார்.

மறுநாள் மேசையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன், அது என் மகன் படம், நான் கடைசி வரை பார்க்காமல் உளறினேன், அந்தச் சத்தம் என் சத்தம், எல்லாரும் போய்ப் பாருங்கள் என்று. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் யாரும் நம்பவில்லை. பிள்ளை படம்னு தெரிஞ்சதும் தீர்ப்பு மாறிடுச்சா என்று பெரியக்கா கண்ணடித்தார். மட்டம் என்று சொன்னபோது நம்பினவர்கள், நல்ல படம் என்று உண்மையைச் சொன்னபோது சிரித்தார்கள். சுருட்டை எனக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசினாள், எடுபடவில்லை. அந்த வாரத்தோடு படத்தையும் எடுத்துவிட்டார்கள். இங்கே உன் படத்தைக் கெடுத்தது நான்தான், அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

மகன் என்பதற்காகப் புகழ்கிறேன் என்று நீயும் நினைத்துவிடாதே. நடுவில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் வருகிற இடமெல்லாம் ஜவ்வு மாதிரி இழுக்கிறது, அதை வெட்டியிருக்கலாம், உங்கள் டைரக்டரிடம் சொல். அந்த நடிகை காலரை நடுவிலிருந்து முனைக்குத் தேய்க்கிறாள், முனையிலிருந்து நடுவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் நுனியில் சுருக்கம் விழும். கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தது, காதுக்குச் சரியாகக் கேட்டது. அவள் அழாமல் தேய்த்துக்கொண்டே போய், கடைசிச் சட்டையில் அந்த மூச்சை விடுகிறாளே, அங்கே நான் அழுதேன். இதுதான் என் அபிப்பிராயம், வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். போன வாரம் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தோம், படு மட்டம், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன், ஆனால் எழுத்து முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். ஆபரேட்டரும் இப்போது நிறுத்துவதில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ, எந்த அம்மா எழுந்து போய்விட்டாளோ.

என்னை மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்ல வேண்டாம், உன் கோபம் தீருகிறபோது தீரட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த தடவை அப்பா போனை நீட்டும்போது வைத்துவிடாதே. பேச வேண்டாம். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு அப்பா சட்டையைத் தேய்க்கிறேன், நீ கேட்டுக்கொண்டிரு. ஒரு சட்டை முடிகிற வரைக்கும் இரு, போதும்.

ராத்திரி வேலை பார்த்தால் காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டே தூங்கிவிடாதே, காது கெட்டுப்போகும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும், சின்ன எழுத்தில் வந்தாலும் அதைப் படிக்க ஒருத்தி இருப்பாள். மறக்காமல் போனை எடு.

கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா