பதினோரு திருத்தங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இறைவன் உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.

போன சனிக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள் மூன்று பேர். உன் அப்பா நாற்காலியில், தங்கை பக்கத்து ஸ்டூலில், நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால். வேறு யாரும் இல்லை. ஆகவே தப்பு எங்கள் மூவருடையதுதான்.

தொழிற்சாலை பாய்லரின் அடித் தகட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். அப்பா பார்த்துவிட்டு வந்து மேனேஜருக்கு ஆங்கிலத்தில் எழுதினார். அவர் ஆங்கிலம் உனக்குத் தெரியும், தடுமாறித்தான் வரும், ஆனால் வந்து சேர்ந்துவிடும். நான் வழக்கம்போல் அதை நோட்டில் நகல் எடுத்துக்கொண்டேன். தங்கைதான், "இருங்கப்பா, காலேஜ்ல எல்லாரும் இதுலதான் திருத்துறோம்" என்று ஒரு சாஃப்ட்வேரில் போட்டாள். எழுத்து நடைக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று மார்க் வந்தது. "சண்டைக்குப் போற மாதிரி இருக்காம்ப்பா!" என்று சிரித்துக்கொண்டே, அது காட்டிய திருத்தங்களை எல்லாம் ஒரே தட்டலில் ஏற்றுக்கொண்டாள். தொண்ணூற்றெட்டு ஆனது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அனுப்பிவிட்டார்.

மறுநாள் சமையல் முடித்து, உன் பழைய அகராதியோடு உட்கார்ந்து என் நகலையும் அனுப்பியதையும் வரிவரியாக ஒப்பிட்டேன். பதினோரு இடம் மாறியிருக்கிறது. "பாய்லர் வெடிக்கும், உடனே நிறுத்துங்கள்" என்று அப்பா எழுதியது, "வசதிப்படும்போது பாய்லரைக் கவனிப்பது பயனளிக்கலாம்" என்று போயிருக்கிறது. விரிசல் 'சிறு தேய்மானம்' ஆகிவிட்டது.

அப்பா ஓடிப்போய் நேரில் சொன்னார். "நீங்களே நிதானமா எழுதிட்டு இப்ப ஏன் சார் பதறுறீங்க?" என்று மேனேஜர் அச்செடுத்து வைத்திருந்த அந்தத் தாளையே எடுத்துக் காட்டினாராம். புதிதாக எழுதிக் கொடுத்ததை வாங்கவில்லை. அவசர ஆர்டர், வரும் வியாழன் காலையிலிருந்து பாய்லரில் அழுத்தத்தைக் கூட்டப்போகிறார்கள். காலை ஷிப்ட் அப்பாவுடையது. லீவு போடச் சொன்னேன். "நான் போகலேன்னா அங்க வேற ஒருத்தன் நிப்பான்" என்கிறார். பாய்லர் இரண்டு நாளாக முனகுகிறதாம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. நான் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வாய் ஜபிக்கிறது, காது தொழிற்சாலைப் பக்கமே இருக்கிறது.

நீ அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறாய். நீயும் அப்பாவும் பேசி எட்டு மாதம் ஆகிறது. அது கிடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நகல் எடுத்த பக்கத்தையும் இந்தக் கடிதத்தையும் படம் பிடித்துத் தங்கை உன் போனுக்கு அனுப்புவாள். அந்தப் பக்கத்தை மேலே இருப்பவர்களிடம் காட்டு. ஒரு எழுத்தையும் திருத்தாதே.

இன்று செவ்வாய். நாளை சாயங்காலத்துக்குள் பதில் எழுது.

உன் அம்மா