உடம்புக்குள் கறள்

புரட்டாதி, செவ்வாய்க்கிழமை

இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேசன் செய்து ஒரு வருடம். இன்று டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "ஒட்சியேற்ற அழுத்தம் நல்லாக் குறைஞ்சிட்டுது" என்றார்.

"எனக்குப் பிறஷர் இல்லையே, டொக்டர்."

அவர் சிரித்தார். "நீங்கள் வெல்டிங் வேலைதானே? கொழுப்புக் கூடினால், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளையும் கறள் பிடிக்கும். உங்கடை கறள் குறைஞ்சிருக்கு. விற்றமின் குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ."

இரண்டு வாரமாக விட்டிருந்ததை நான் சொல்லவில்லை. பட்டறையில் குளிசை போட்டால் யாராவது கண்டு விசாரிப்பார்கள். ஒப்பரேசன் பற்றி ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பின்னேரம், வீட்டு வாசலுக்கு இரும்புக் கேற் செய்யத் தந்திருந்த மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, இப்பிடி வத்திப்போனீர்? ஏதும் நோய் வருத்தமோ?"

"ஒண்டுமில்லை, மாஸ்டர்."

உடம்பு பெருத்து, குனிய முடியாமல், மூச்சு வாங்க, கதிரையில் இருந்தபடி வெல்டிங் செய்த நாட்களில் இதே மனிதர், "ஆள் நல்லா இருக்கிறீர்" என்றுதான் சொல்வார். கறளுக்கு மேல் பெயின்ற் அடித்த கேற்றும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சற்று முன் குளிசையை விழுங்கினேன். கதவைச் சாத்திவிட்டுத்தான்.